நீலச் சாயம் ஏறிய செல்கள்

டாக்டர் வேலாயுதம் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் மறைத்தார் என்று இன்றைக்கும் சிலர் எனக்குச் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

1984இல் சிங்கப்பூரில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் நான் டெக்னீஷியன். இன்சுலின் சுரக்கும் எலிக் கணையச் செல்களைத் தட்டில் வளர்க்க வேண்டும். ஒரு நொதியைத் தடுக்கும் மருந்தை அவற்றில் விட்டு, எவ்வளவு இன்சுலின் வெளியே வருகிறது என்று அளக்க வேண்டும். மருந்து விட்ட தட்டில் இன்சுலின் மூன்று மடங்கு இருந்தது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கு உறுத்தியது. அந்தச் செல்களில் நீலச் சாயம் விட்டுப் பார்த்தேன். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, செத்ததுதான் நீலமாகும். பத்துக்கு எட்டு நீலம். மருந்து செல்லைச் சுரக்க வைக்கவில்லை, கொன்றிருக்கிறது. பானையை உடைத்தால் தண்ணீர் கொட்டத்தான் செய்யும். அதை ஊற்று என்பார்களா?

"எல்லாம் செத்துப்போச்சு, டாக்டர்" என்று நோட்டை நீட்டினேன்.

"உன் கை மிஸ்டேக் லா, பிரிஜட். இந்த செத்த செல் கவுண்ட் நம்ம ரிசர்ச் பேப்பர்ல வேணாம்."

ஆறு முறை திரும்பச் செய்தேன். ஆறு முறையும் நீலம், ஆறு முறையும் என் கைதான் குற்றவாளி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என் கையையே அகப்பையாக்கினார் மனிதர்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். எங்களுக்குத் தேநீர் கொண்டுவரும் ரத்தினம்மா அக்கா பதினோரு வருடமாக இன்சுலின் ஊசி குத்திக்கொள்பவர். டாக்டர் அவரிடம் போய், "ரெண்டு மூணு வருஷத்துல உங்களுக்கு ஊசியே வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

"காத்தோங் பிள்ளையாருக்குத் தேங்கா உடைச்சிட்டேன்மா, உனக்கும் சேர்த்துத்தான்" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை துறைக் கூட்டம். புரொஜெக்டரில் ஸ்லைடு அடுக்குவது என் வேலை, பட்டனை அழுத்துவது டாக்டர் வேலை. இன்சுலின் ஏறும் படத்துக்கு அடுத்து, நான் எடுத்த படங்களைச் செருகினேன்.

திரை முழுக்க நீலம். மறுபடி அழுத்தினார். அடுத்ததும் நீலம். ஆறையும் அடுக்கியிருந்தேன்.

"என்ன இது?" என்று துறைத்தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் எழுந்தேன். "மருந்து விட்ட செல்கள், சார். பத்துக்கு எட்டு செத்துவிட்டது. ஆறு தடவை பார்த்தேன்."

என் கைத் தவறு என்று டாக்டர் ஏதோ ஆரம்பித்தார். தலைவர் அதைக் கேட்காமல் என் நோட்டைக் கேட்டு வாங்கினார். கட்டுரை பத்திரிகைக்குப் போகாது என்று அங்கேயே முடிவானது.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கதவருகே தேநீர்த் தட்டோடு ரத்தினம்மா அக்கா நின்றிருந்தார். ஆங்கிலம் முழுக்கப் புரியாவிட்டாலும் முகங்கள் புரிந்திருந்தன.

"அப்ப எனக்கு ஊசிதானா, பிரிஜட்?"

டாக்டர் ஸ்லைடுகளை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டார். வாக்குக் கொடுத்தது அவர், பதில் மட்டும் நான் சொல்ல வேண்டுமா என்று கொதித்தது.

"ஆமாக்கா."

அக்கா எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். டாக்டருக்கும் கொடுத்தார், எப்போதும்போல இரண்டு கரண்டி சீனி போட்டு.