ஆறு எலுமிச்சம்பழம்

சுவாமிநாதன் ஆறு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தபோதே நீரஜாவுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. வாங்க யோசித்த இரண்டு வண்டிகளில் சின்ன கேம்பர்வேனுக்கு நான்கு சக்கரம். பெரிய மோட்டார்ஹோமுக்குத்தான் ஆறு.

மயிலாப்பூரில் அவர்கள் வீட்டு வழக்கம் அது. மாமனாரின் ஸ்கூட்டர் முதற்கொண்டு எந்த வண்டியும் தெருக்கோடிப் பிள்ளையார் முன்னால் சூடம் பார்த்து, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கிய பிறகே வீட்டு வண்டியாகும். "ரெண்டும் பிள்ளையார் வாசலுக்கு வரட்டும். எதுக்குச் சூடம் காட்டத் தோணறதோ அதை வாங்கிக்கலாம்" என்று நியாயஸ்தர் மாதிரி பேசிய மனிதர், பழத்தை மட்டும் எண்ணி வாங்கிவிட்டார்.

இருவரும் ஓய்வு பெற்றவர்கள். ராமேஸ்வரத்தில் தொடங்கி காசிவரை வண்டியிலேயே போய்வர ஆசை. பாலவாக்கத்தில் வண்டி விற்கும் மதிவாணனிடம் இரண்டு இருந்தன. மோட்டார்ஹோமில் நிமிர்ந்து நடக்கலாம். குளியலறை, ஃபிரிட்ஜ், நான்கு பேர் படுக்க இடம். கேம்பர்வேனில் இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கும் சின்ன டாய்லெட். வசதி என்று பார்த்தால் போட்டியே கிடையாது.

ஆனால் அவ்வளவு பெரிய மோட்டார்ஹோம் வந்தால் அதை ஓட்டக் கூடவே டிரைவரும் வருவார். நீரஜா பின்னால் காப்பி கலந்துகொண்டிருப்பாள். முப்பத்துநாலு வருஷம் இடதுபக்கம் உட்கார்ந்து அலுத்து, ஐம்பத்தாறு வயதில் பிடிவாதமாக லைசென்ஸ் எடுத்தவள் அவள். ஸ்டியரிங் தன் கையில் இல்லாவிட்டால் அவளுக்குக் காசியும் வேண்டாம், ராமேஸ்வரமும் வேண்டாம். சொன்னதற்கு, "நீ ஓட்டினா அடையாறு பாலம் தாண்டறதுக்குள்ள எனக்கு பிபி ஏறிடும்" என்றார் சுவாமிநாதன். அவள் காரை எடுத்தாலே மேல்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "பிரேக், பிரேக்" என்று ஜபிக்கிறவர்.

வெள்ளிக்கிழமை காலை மதிவாணன் மோட்டார்ஹோமை எடுத்தான். "தெருவுல பூருமா சார்?" என்று கேட்டான்.

"உற்சவத்துக்கு ஸ்வாமியே வர்ற தெருய்யா!" என்று சொல்லிப் பக்கத்தில் ஜம்மென்று ஏறிக்கொண்டார் சுவாமிநாதன். கேம்பர்வேனுக்கு வேறு ஆள் இல்லாததால் சாவி நீரஜாவிடம் வந்தது.

ஸ்வாமி வருகிற அன்று பூக்கடைக் குடையை மடக்குவார்கள், ஸ்கூட்டர்களை அப்புறப்படுத்துவார்கள். சுவாமிநாதனுக்காக யார் மடக்குவார்கள்? தெருவில் பாதி தூரம்கூடப் போகாமல் மோட்டார்ஹோம் நின்றது.

"இதுக்கு மேல போனா அந்த பால்கனியையும் இட்டுக்கினுதான் போவணும் சார்" என்றான் மதிவாணன்.

அது பின்வாங்க வேண்டுமானால், பின்னாலேயே கேம்பர்வேனில் வந்த நீரஜா முதலில் பின்வாங்க வேண்டும். அவளுக்குப் பின்னால் தண்ணீர் கேன் வண்டி, ஸ்கூட்டர்கள், ஆட்டோ. ஹாரன் காதைப் பிளந்தது. ஆட்டோக்காரர் கரீமுல்லா ஜன்னலோரம் வந்தார். "நீ எறங்கிக்கம்மா, நான் எடுத்து வுட்றேன்."

சுவாமிநாதனும் இறங்கி ஓடிவந்தார். "அவர்ட்ட குடுத்துடு நீரஜா!"

நீரஜாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "யார்ட்டயும் குடுக்கப் போறதில்லை. நீங்க தள்ளி நில்லுங்கோ" என்றாள். கரீமுல்லாவிடம், "பின்னாடி இருக்கறவாளை மட்டும் நகத்திக் குடுங்கோ, போதும்."

"ஏய், வண்டிய எட்ரா! அம்மா வர்றாங்க!" என்று அவர் தெருவையே அதட்டினார்.

நீரஜா ரிவர்ஸ் கியரைப் போட்டாள். மின்கம்பம், வாசல்படி, சாத்தி வைத்த சைக்கிள் எல்லாம் கைநீட்டினால் தொடும் தூரத்தில் நகர்ந்தன. "வா வா வா... லெஃப்ட்ல ஒடி... அவ்ளோதான்!" என்று கரீமுல்லா பின்னாலிருந்து வழி சொன்னார். இரண்டு தடவை நின்றாள், திருத்தினாள், மறுபடி எடுத்தாள். பெரிய சாலைவரை ஒரு கீறல் இல்லை. மோட்டார்ஹோம் முக்கி முனகி வெளியேறியதும், கேம்பர்வேனை முதல் கியரில் போட்டு நேராகப் பிள்ளையார் வாசலுக்கே போய் நிறுத்தினாள். பூக்காரம்மா கைதட்டினாள். நீரஜாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

 சுவாமிநாதன் குனிந்து, சக்கரத்துக்கு ஒன்றாகப் பழங்களை வைத்தார். குருக்கள் சூடம் காட்டினார். வண்டி நகர, நான்கும் நசுங்கின.

மீதி இரண்டு பழத்தோடு அவர் இடதுபக்கம் ஏறினார். கைக்கு ஒன்று இருந்ததால் மேல்கைப்பிடியைப் பிடிக்க வழியில்லை.

"அதை என்ன பண்றதா உத்தேசம்?" என்றாள் நீரஜா.

"ராமேஸ்வரம் போற வழில பின்னாடி உக்காந்து ஜூஸ் போட்டுத் தரேன். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."