மூடி எடுத்த அளவு

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் வேலாத்தாளுக்குக் மூன்று நாளாகவே வேலை ஓடவில்லை. அவள் தன் நோட்டுப் புத்தகத்துக்குத் தைத்த உறை முதலாளியின் மேசைமேல் கிடந்தது. தன் சாம்பிள் என்று சொல்லி அதை அங்கே வைத்தவர் கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன்.

பார்த்துவிட்டுத் தருவதாக அவர் வாங்கிப்போய் ஒன்பது நாள் ஆகிவிட்டது. சாயங்காலத் தையல் வகுப்பில் அவள் பரீட்சைக்கு வைக்க வேண்டிய உருப்படி அது. பரீட்சை நாளைக்கு.

வெளிப்பக்கம் கழிவுத் துணியில் பொறுக்கிய கருநீல இன்டர்லாக் பனியன் துணி. உள்பக்கம் விறைப்பான காடாத் துணி. முன் அட்டைக்குள்ளேயே ஒரு பர்ஸ்: பஸ் பாஸுக்கு ஓர் அறை, சில்லறைக்கு மூடி வைத்த ஓர் அறை, ஓரத்தில் பேனாவுக்குக் குழல். மூன்று தடவை பிரித்துத் தைத்து, ஒவ்வொரு தடவையும் என்ன கெட்டது என்று தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

பார்த்த அன்றைக்கே முதலாளிக்கு உறை பிடித்துப்போயிற்று. சரக்கு எடுக்கும் பையர்களுக்குக் கொடுக்கும் புதுவருட டைரிகளுக்கு இதே மாதிரி நூற்றிருபது தைக்கச் சொல்லிவிட்டார். மாஸ்டர் தலையாட்டிவிட்டு வந்தார்.

வேலாத்தாள் செக்கிங் மேசையில் பனியன்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பர்ஸும் ஊரில் உள்ளது, உறையும் ஊரில் உள்ளது. சேர்த்துத் தைத்ததற்கு நான் சொந்தம் கொண்டாடலாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பக்கத்து மேசை முத்துப்பேச்சிக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஒன் சாமான ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டான். நீ தேதி போட்டு எழுதிட்டு இருக்க. எழுதி அவருக்கே தபால்ல போடப் போறியோ?"

மூன்றாம் நாள் மத்தியானம் கட்டிங் மேசையில் சத்தம் கேட்டது. தைத்து வந்த உறைகளில் டைரியை நுழைத்தால், திறந்திருக்கும்போது கச்சிதமாக இருந்தது. மூடப் போனால் மூட மறுத்தது. நூற்றிருபதும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

வேலாத்தாளுக்கு உடனே விளங்கிவிட்டது. பனியன்காரர்கள் எதையும் மேசையில் விரித்துப் போட்டுத்தான் டேப்பை வைப்பார்கள். மாஸ்டர் டைரியையும் அப்படியே விரித்து அளந்திருக்கிறார். மூடும்போது டைரி முதுகின் கனம் இன்னும் கொஞ்சம் துணியைக் கேட்கும். இன்டர்லாக் இழுத்துக் கொடுக்கும், காடா கொடுக்காது.

சற்று நேரத்தில் மாஸ்டரே அவளிடம் வந்தார். குரலில் வெல்லம் கரைந்தது.

"அம்முணி, உன்ற நோட்டுக்கு மட்டும் எப்படி மூடுச்சு? அளவு எடுத்த வெவரத்தச் சொல்லீரு கண்ணு."

ஒன்பது நாளாக இல்லாத கண்ணு. வந்தது பயமா, கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. முதலாளியிடம் வந்து சொல்வதாகச் சொல்லி, நோட்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றபடி பின்னாலேயே வந்தார்.

முதலாளி முன்னால் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். சரியான அளவை எழுதியிருந்த எதிர்ப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தி மறைத்துக்கொண்டாள். முதலாளி வாய்விட்டே படித்தார்: 22-11-93, நோட்டை விரித்து அளந்தேன். உறை மூடவில்லை. காடா இழுபடாது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். என் புத்தி.

"மாஸ்டரு இப்பப் பண்ணுன தப்ப நான் போன மாசமே பண்ணீட்டனுங்க," என்றாள் வேலாத்தாள். "இது என்ற உறைங்க."

முதலாளி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். மாஸ்டருக்கு ஒரு திட்டாவது விழும் என்று அவள் காத்திருந்தாள். முதலாளியோ, யார் தைத்தால் என்ன, எல்லாம் ஒரே கம்பெனிதானே என்றார். பிறகு அவள் கையைக் காட்டி, அந்தப் பக்கத்தையும் காட்டச் சொன்னார்.

அதுவரை அடக்கியிருந்தது அப்போதுதான் முழுசாகக் கொதித்தது. மேசைமேல் கிடந்த உறையை எடுத்தாள். நோட்டின் அட்டைகளை அதன் மடிப்புகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைத்தாள். மூடினாள். சுருக்கமில்லாமல் மூடியது. பிரஸ் பட்டனை அழுத்தினாள்.

"அளவு?" என்றார் முதலாளி.

"மாஸ்டரோட சாம்பிளுங்களே. அவருக்குத் தெரியாதுங்களா?"

வேலை இருக்குமோ போகுமோ என்ற யோசனை உறை போட்ட நோட்டோடு வாசலைத் தாண்டிய பிறகுதான் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வகுப்பு ஆறு மணிக்கு.