கேத்தரின் உட்காரும் நாற்காலி

கேத்தரின் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுப் பழகியவர்கள் பாப்பாரப்பட்டியில் வேறு தையல்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். அப்பேர்ப்பட்ட கை. முதுகுதான் ஒத்துழைக்கவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள். பார்க்கப் பொறுக்காத கணவன் விக்டர், மெஷினைப் பாலக்கோட்டுத் தெரசாவுக்குக் கொடுப்பதாகப் பேசிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. கேத்தரின் சரியென்று தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். மெஷின் போய்விட்டால் அந்த வீட்டில் தான் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விஷயம் நாத்தனார் ஷைனியின் காதுக்குப் போயிற்று. அதியமான்கோட்டையில் மரப்பட்டறை வைத்திருப்பவள். மறுநாளே டேப்போடு வந்து இறங்கினாள்.

"உங்கம்மா வூட்டுச் சீரா வந்த தேக்கு சேரு மூலையில சும்மாதான கெடக்குது அண்ணி? அத உங்களுக்குத் தக்கன மாத்தித் தர்றேன். அளவெடுக்கணும், ஸ்டூல்ல உக்காருங்க."

கேத்தரின் முந்தானையைச் சரிசெய்து, இரண்டு பாதமும் தரையில் பதிய, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவதுபோல விறைப்பாக உட்கார்ந்தாள். ஷைனியும் அதை நம்பி அளந்தாள்.

நாற்காலி வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. கால்களைக் குறைத்து, முதுகுப்பலகையைச் சாய்த்து, கைப்பிடிகளை வழவழவென்று இழைத்திருந்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. உட்கார்ந்து ஜாக்கெட்டில் ஒரு கை தைப்பதற்குள் கேத்தரினுக்கு அதே வலி.

"நல்லாத்தான் இருக்குது ஷைனி" என்று கூசாமல் சொல்லி அனுப்பிவைத்தாள்.

ஆள் போனதும் பழைய புத்தி வந்தது. கரண்டு மெஷின், வலது காலுக்கு மட்டும்தான் வேலை. எப்போதும்போல இடது காலை மடக்கிப் பலகைமேல் வைக்கப் பார்த்தாள். முழங்கால் கைப்பிடியில் நங்கென்று இடித்தது. சொல்லிவைத்தாற்போல ஜன்னலில் சிரிப்புச் சத்தம். ஷைனி போகவே இல்லை.

"இப்படித்தான் உக்காருவேன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா அண்ணி?"

"நீ டேப்ப புடிச்சிக்கிட்டு நிக்கற. உன் முன்னாடி கால மடக்கிட்டா உக்கார முடியும்?"

"நான் பட்டறையில அப்படித்தான் உக்கார்றேன்!"

வண்டியிலிருந்து ரம்பத்தை எடுத்துவந்து, நாற்காலியைக் கவிழ்த்து, இடது கைப்பிடியை அறுத்தாள். தாய்வீட்டு மரமாயிற்றே என்று கேத்தரின் பதறினாள். ஆனால் ஷைனி அதைத் தூக்கி எறியவில்லை. சீவி இழைத்து, உட்காரும் பலகையின் இடது ஓரத்திலேயே ஒட்டுப்போட்டாள். இடித்த கட்டையே இப்போது முழங்காலைத் தாங்கும் இடமாகிவிட்டது. என்ன மூளை இவளுக்கு என்று கேத்தரின் வாய்விட்டே வியந்தாள். பசை காய்ந்த சனிக்கிழமை மாலை உட்கார்ந்தவள், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதுதான் எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தெரசா ஆட்டோவோடு வந்து நின்றாள். விக்டர் மனைவியைப் பார்த்தான். காலை மடக்கித் தைத்துக்கொண்டிருந்த கேத்தரின், இடுப்பைப் பிடிக்காமலே எழுந்தாள்.

"மெஷின் குடுக்கறதா இல்லீங்க்கா, கோவிச்சுக்காதீங்க. வந்ததுக்கு ஒரு ஜாக்கெட் தெச்சுத் தர்றேன், அளவு குடுத்துட்டுப் போங்க."

டேப்பைக் கண்டதும் தெரசா மூச்சை இழுத்து, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றாள்.

"எக்காதீங்க்கா" என்றாள் கேத்தரின். "வூட்ல எப்படி நிப்பீங்களோ, அப்படியே நில்லுங்க."