கொக்கியில் வைத்த சந்தனம்

நான் வாங்கிய மிஷினுக்கு நானே பொட்டு வைத்தேன். அதற்குத்தான் இத்தனை பேச்சும்.

பழைய மிஷின்தான். வைக்கோலை வாரி, அமுக்கி, சதுரக் கட்டாகக் கட்டிப் பின்னால் தள்ளும். எங்கள் பக்கத்தில் எல்லாரும் உருண்டைக் கட்டுதான் கட்டுகிறார்கள். "ஊரே உருண்டையா கட்டுது, உங்களுக்கு மட்டும் எதுக்கு அண்ணி சதுரம்?" என்றான் என் கொழுந்தன் மணிவேல். அவனுக்குத் தங்கம்மாளைத் தெரியாது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள் அவள். வைக்கோல் போட அவளுக்கு இருக்கிற ஒரே இடம் மொட்டை மாடி. உருண்டைக் கட்டை அந்தக் குறுகல் படியில் ஏற்றினால் ஆளையும் சேர்த்து உருட்டிவிடுகிறது. சதுரக் கட்டைத் தலையில் வைத்து ஏறலாம், சுவரோரம் அடுக்கினால் அசையாமல் நிற்கும். அந்தச் சந்தில் மாடு வைத்திருக்கிற வீடெல்லாம் இப்படித்தான். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வந்துவிட்டால் வண்டி எதையும் உள்ளே விடமாட்டார்கள். அதற்குள் எல்லார் மாடியையும் நிரப்பித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

வேங்கிக்கால் தாண்டி அர்ஜுனன் என்கிறவர் பழைய மிஷின் விற்கிறார். மூன்று சதுர மிஷின் காட்டினார். முதலாவது பளபளவென்று இருந்தது.

"புது பெயிண்டும்மா."

"பெயிண்டை மாடு தின்னாதுங்க" என்று குனிந்து பார்த்தேன். கயிறு கொண்டுபோகும் ஊசி வளைந்திருந்தது. இரண்டாவதில் வைக்கோல் அமுக்கும் பெட்டியின் சுவர் தேய்ந்து தகடாகியிருந்தது. மூன்றாவது துருப்பிடித்துப் பார்க்கச் சகிக்காமல் ஓரமாகக் கிடந்தது. அதில் கயிறு கோத்து, ஃப்ளைவீலைக் கையால் சுற்றினேன். உள்ளே இரண்டு முடிச்சுக் கொக்கிகளும் கொக்கு மூக்கைத் திருப்புவது போலத் திரும்பி, ஆளுக்கொரு முடிச்சு போட்டுக் கீழே விட்டன. பத்துத் தடவை சுற்றினேன். பத்துத் தடவையும் விழுந்தது.

"வூட்டுக்காரரு வந்து பாக்க வேணாமாம்மா?"

"அவரு போயி நாலு வருஷம் ஆச்சுங்க. இருந்தாலும் முடிச்சு அவரா போடப்போறாரு? மிஷின்தானே போடணும்" என்றேன். அவர் விலையைச் சொன்னார். அந்த மூன்றாவதையே வாங்கினேன்.

வீட்டு வாசலில் பூஜை. எலுமிச்சம்பழம், கற்பூரம், சந்தனம், குங்குமம் எல்லாம் தயார். நான் தட்டை எடுத்தபோது மணிவேல் குறுக்கே வந்தான். "அண்ணி, தட்டை ரேவதிகிட்ட குடுங்க. அவ வைக்கட்டும்." ரேவதி அவன் பெண்டாட்டி. ஏன் அப்படிச் சொன்னான் என்று அங்கே நின்ற குழந்தைக்கும் தெரியும். புருஷன் இல்லாதவள் நல்ல காரியத்தில் பொட்டு வைக்கக் கூடாதாம். என் வீட்டுக்காரர் பலராமன் போனதும் நான்தான் டிராக்டர் ஏறினேன், நான்தான் உழுதேன். அதற்கெல்லாம் யாரும் குறுக்கே வரவில்லை.

"வாங்குனவ நான். வைக்கிறதும் நான்தான்" என்றேன். வந்த ஆத்திரத்தில் முன்தகட்டோடு நிறுத்தவில்லை. சக்கரம், ஊசி, வாரும் பல், உள்ளே இருக்கிற இரண்டு கொக்கி என்று ஒன்று விடாமல் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். பாதி பக்தி, பாதி வீம்பு.

மறுநாள் அப்பாதுரை மாமாவின் நிலத்தில் இறங்கினேன். மணிவேலும் ரேவதியும் கட்டு அடுக்க வந்திருந்தார்கள். முதல் கட்டு பின்னால் வந்து விழுந்தது. விழுந்ததும் பிரிந்து பரவியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

கயிறு தொய்வாக இருக்கிறது என்று இழுவையை இறுக்கினேன். பிரிந்தது. வைக்கோல் ஈரம், அமுக்கம் ஜாஸ்தி என்று ஸ்பிரிங் திருகுகளை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். கட்டு தொளதொளவென்று வந்து பிரிந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான் மணிவேல், வரப்பில் உட்கார்ந்துகொண்டு. பிறகு குரலைத் தாழ்த்தி, "கைராசின்னு ஒன்னு இருக்குது அண்ணி. நான் நேத்தே சொன்னேன்" என்றான்.

அப்பாதுரை மாமா வானத்தைப் பார்த்தார். "சந்திரம்மா, மேகம் கட்டுது. மதியத்துக்குள்ள ஆவலைன்னா உருண்டை மிஷினுக்கு ஃபோன் போட்டுடறேன். தப்பா எடுத்துக்காத."

ஒரு நிமிஷம் என் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். அப்படிப் பார்த்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

டிராக்டரை நிறுத்திவிட்டு, அர்ஜுனன் கிடங்கில் செய்தது போல ஃப்ளைவீலைக் கையால் சுற்றினேன். கொக்கி திரும்பியது. முடிச்சும் விழுந்தது. ஆனால் கொக்கியை விட்டு நழுவவில்லை. அங்கேயே மாட்டிக்கொண்டு, அடுத்த தள்ளலில் பட்டென்று அறுந்தது. விரலை விட்டுத் தடவினேன். வழவழவென்று இருந்த கொக்கி சொரசொரவென்று இருந்தது. நான் அப்பிய சந்தனம் குங்குமத்தோடு காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது.

உப்புத்தாள் எடுத்து இரண்டு கொக்கியையும் தேய்த்தேன். "பொட்டை அழிக்காதம்மா, ஆவாது" என்று அப்பாதுரை மாமா பதறினார். கண்ணாடி போல ஆகும்வரை தேய்த்தேன். திருகுகளைப் பழைய அளவுக்கு இறுக்கிவிட்டு வண்டியை எடுத்தேன். கட்டு வந்து விழுந்தது. பிரியவில்லை. அடுத்ததும் பிரியவில்லை. நிலத்தின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பினேன். வழியெல்லாம் சதுரம் சதுரமாகக் கிடந்தது.

"என்னதான் ஆச்சு அண்ணி?"

ஸ்பிரிங் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். ஆனால் இந்தப் பொய்யைச் சொல்லிவிட்டுத் தினமும் யார் சுமப்பது?

"நான் வச்ச சந்தனம் கொக்கியில காஞ்சுபோச்சு. முடிச்சு நழுவல" என்றேன்.

அவன் துள்ளி எழுந்தான். "பாத்தீங்களா! நான் சொன்னதுதானே? நீங்க வச்ச பொட்டாலதானே!"

"நான் வச்சதால இல்ல. அங்க வச்சதால. ரேவதி, சந்தனம் இருக்குதா?"

பூஜைப் பை டிராக்டரிலேயே கிடந்தது. ரேவதி என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் பையை எடுத்துச் சந்தனம் குழைத்தாள்.

"எங்கக்கா வைக்கணும்?"

"இடது கொக்கியில. நான் வச்ச மாதிரியே தாராளமா வை. வலதைத் தொடாத."

நடுவில் குங்குமமும் வைத்தாள். காற்றில் காயும்வரை மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வண்டியை எடுத்தேன். கட்டு வந்து விழுந்தது. வலது கயிறு கட்டியிருந்தது, இடது கயிறு அறுந்து தொங்கியது. வைக்கோல் ஒரு பக்கமாகச் சரிந்து கொட்டியது.

"காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை" என்று முனகினான் மணிவேல்.

ரேவதி அவன் பக்கம் திரும்பினாள். "அப்பிடியா? வலதுலயும் வைக்கட்டுமா? ரெண்டு பழமும் விழுதான்னு பாக்கலாம்."

அப்பாதுரை மாமா சிரித்துவிட்டு, கையில் வைத்திருந்த ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மணிவேல் போய்க் கட்டுகளைத் தூக்கி அடுக்க ஆரம்பித்தான். ரேவதி உப்புத்தாளை என்னிடமிருந்து வாங்கி, தான் வைத்த பொட்டைத் தானே தேய்த்து எடுத்தாள். கொக்கி மின்னியது.

"அக்கா, முன்னாடி தகட்டுல பெருசா ஒன்னு இருக்குதே. அதையும் தேய்ச்சுடவா?"

"அது எதையும் தடுக்கல. இருக்கட்டும்" என்றேன். "அது நான் வச்சது."

பௌர்ணமிக்கு முன்னாலேயே தங்கம்மாளின் மாடி நிரம்பியது. இப்போது எந்த நிலத்துக்குள் மிஷின் இறங்கினாலும் பளிச்சென்று தெரிவது அந்தத் தகடுதான்.