கார் திரைமேல் பாப்பாவின் துணி

கார்த்தியின் பிக்கப் வண்டியில் எல்லாமே திருகுகிற குமிழ்தான். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் ஏறி இறங்கியவனுக்கு, எது எங்கே இருக்கிறது என்று கைக்கே தெரியும். கண்ணாடியில் பனி படிந்தால் பக்கத்தில் கிடக்கும் துண்டால் ஒரு துடை, வேலை முடிந்தது. அப்பேர்ப்பட்டவன், மகள் பிறந்த சந்தோஷத்தில் ஒரு கார் வாங்கினான். பழைய கார்தான், ஆனால் நடுவில் முறம் மாதிரி ஒரு திரை. ஏசி, பாட்டு, போன் எல்லாம் அதற்குள்ளே. பேருக்குக்கூட ஒரு குமிழ் கிடையாது. அந்தத் திரையின் பெருமையைப் போனில் கேட்டுக் கேட்டு, பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த அவன் மனைவி சுமித்ராவுக்குக் காது புளித்துப்போனது.

அவளையும் குழந்தையையும் மலைமேல் இருக்கும் தன் ஊரான குண்டூர் நாட்டுக்கு அழைத்துவர அந்தக் காரில்தான் சேந்தமங்கலம் போனான். மாமியார் பொன்னம்மாளுக்கு அனுப்ப மனசே இல்லை.

"இந்த மழையில பச்சப் புள்ளைய மலையேத்தோணுமாங்க மாப்ள? இன்னொரு மாசம் இங்கயே இருக்கட்டுமே."

"நான் தெனமும் போற ரோடுங்க அத்த. பூவாட்டம் கொண்டு போய்ச் சேத்தறேன்."

பொன்னம்மாள் அரைமனதாகத்தான் பேத்தியைக் கொடுத்தாள்.

மலையேறும் வண்டிகள் அடிவாரக் கோயிலில் நின்று சூடம் காட்டிவிட்டுப் போவது வழக்கம். சூடம் எரிகிற அந்த நேரத்தில்தான் டிரைவர்கள் கண்ணாடியைத் துடைப்பார்கள், பிரேக்கை மிதித்துப் பார்ப்பார்கள், பாட்டைக்கூட அப்போதே போட்டுவிடுவார்கள். அன்று மழை பிசுபிசுத்தது. பாப்பா வேறு தூங்கிக்கொண்டிருந்தாள். நின்றால் விழித்துவிடுவாள் என்று கார்த்தி ஓடுகிற வண்டியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறிவிட்டான். சாமி கோபித்துக்கொள்ளாது, சரி. கண்ணாடி சும்மா இருக்குமா?

பாதி மலையில் மேகம் இறங்கியது. கண்ணாடியின் உள்பக்கம் வெளுத்துக்கொண்டு வந்தது. கை பழக்கத்தில் குமிழைத் தேடிப் போய் வழவழப்பான திரையில் எங்கோ பட்டது. பாட்டு அலறியது. பாப்பா வீறிட்டாள். சத்தத்தைக் குறைக்கக் குனிந்து பார்த்தான். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறந்தது, அதைத் தொட்டால் வேறொன்று.

"ஏனுங்க, பஸ்ஸு!" என்று பின்சீட்டிலிருந்து சுமித்ரா கத்தினாள்.

நிமிர்ந்தால் வளைவில் பஸ்ஸின் முகம் கண்ணாடி முழுக்க நின்றது. மிதித்த மிதியில் கார் குலுங்கி நின்றது. நடுவே ஒரு சாண் இடம் இருந்தால் அதிகம். ஏறும் வண்டிக்கு வழிவிட்டு பஸ் முன்பே நின்றிருந்ததால் பிழைத்தார்கள். பாப்பா இன்னும் வீறிட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழுகிறாளே, நன்றாக அழுகிறாளே என்று கார்த்திக்கு உயிர் திரும்பி வந்தது.

பஸ் டிரைவர் மணிவண்ணன் தெரிந்தவர்தான். ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏப்பா கார்த்தி, பஸ்ஸே கண்ணுக்குத் தெரியலியா? உள்ளார அப்படி என்ன படம் ஓடுது?"

கார்த்தி காரைப் பின்னால் எடுத்து ஓரங்கட்டி நிறுத்தினான். பஸ் இறங்கிப் போனது. சுமித்ரா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு முன்பக்கம் எட்டினாள். திரையை நிதானமாகப் பார்த்துப் பாட்டை நிறுத்தினாள். கண்ணாடிக்குக் காற்று வைத்தாள். பனி மெல்லக் கலைந்தது. பிறகு பையிலிருந்து பாப்பாவின் இடுப்புத் துணி ஒன்றை உருவி, அந்த விலை உயர்ந்த திரைமேல் தொங்கவிட்டு ஓரத்தைச் செருகினாள்.

"ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் இத எடுக்கப்படாது."

"எடுக்கலீங்க," என்றான் கார்த்தி. பெண்டாட்டியிடம் அவன் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

மேலே சில வளைவுகள் ஏறியதும் துணிக்கு அடியில் போன் மணி அடித்தது. யாரென்று கேட்க வேண்டியதில்லை, பொன்னம்மாளேதான். சுமித்ராவின் போன் டிக்கியில் பெட்டிக்குள் கிடந்தது. மணி நின்றது, மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது. கார்த்தியின் கை ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை. நிறுத்தவும் அங்கே இடம் இல்லை.

வீட்டு வாசலில் காரை அணைத்த பிறகுதான் அவனே கூப்பிட்டான்.

"எத்தன தடவ கூப்புடறது மாப்ள? என் உசுரு எங்கிட்ட இல்லீங்க!"

சுமித்ரா போனை வாங்கினாள். "அம்மா, அவரு வண்டி ஓட்டறப்ப போனத் தொடறதில்ல. பாப்பா நல்லாத் தூங்குது."

பொன்னம்மாளின் குரல் உடனே இறங்கியது. "அப்படியா சாமி? அத முன்னயே சொல்றதுக்கென்ன! இனி நான் பயமில்லாம புள்ளைய அனுப்புவேன்."

போனை வைத்ததும் கார்த்தி சுமித்ராவைப் பார்த்தான். "தொடறதில்லையா?"

"இன்னைல இருந்து."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. துணியை எடுத்து மடித்தான். பாப்பாவின் பையில் போடாமல் காரிலேயே வைத்தான்.