கழுவிக் கொண்டுவந்த கை

அந்த மெக்கானிக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். வண்டியைப் பளபளவென்று கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, "அண்ணே, ஏதோ சத்தம் வருது" என்று யாராவது பட்டறை வாசலில் நின்றால் போதும். பிடித்துக்கொள்வான்.

"ஏம்ப்பா, எங்க ஆயில் கசியுதுன்னு நான் பாக்க வேணாமா? எல்லாத்தையும் தொடச்சு எடுத்துட்டு வந்து நிக்கறியே, போட்டோ புடிக்கவா வந்திருக்கே? அப்புறம் இங்க சும்மா நிறுத்தி வெச்சு முறுக்கினா சத்தம் எப்படி வரும்? பின்னாடி ஆளை ஏத்திக்கிட்டு மேட்டுல ஏத்து. அப்ப வரும். சும்மா நிக்கறப்ப எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்!"

பக்கத்துத் தையல் கடைக்காரர் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். அவ்வளவு தடவை கேட்டிருக்கிறார். இப்படி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனுஷன் தன் கை விஷயத்தில் என்ன செய்தான் தெரியுமா? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு மழை நாளில் பட்டறைக்குள் கனமான வண்டி ஒன்று ஸ்டாண்டிலிருந்து நழுவியது. பிடிக்கப் பாய்ந்தான். தரையில் ஆயில். வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தான். வண்டிக்குக் கீறல்கூட இல்லை. மணிக்கட்டு மட்டும் பன்னு மாதிரி வீங்கியது. சில வாரங்களில் வீக்கம் வற்றியது, "அட, சரியாப் போச்சு" என்று விட்டுவிட்டான்.

எங்கே சரியானது! எழுதினால் வலிக்காது. சாப்பிட்டால் வலிக்காது. ஸ்பேனரைப் பிடித்து மூச்சடக்கி ஓர் அழுத்து அழுத்தினால் மட்டும், மணிக்கட்டின் மேல்பக்கம், கட்டைவிரலை ஒட்டிய இடத்தில் 'டக்' என்று ஏதோ நகரும். உடனே ஒரு வலி முழங்கை வரை ஏறும், ஸ்பேனர் தானாகக் கீழே விழும். தெருமுனை டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். "எலும்பெல்லாம் நல்லா இருக்கு. சுளுக்குதான். கைக்கு ஓய்வு குடுங்க" என்றார். சில மாதம் கழித்து மறுபடி போனபோதும் அதையேதான் சொன்னார். அதற்குப் பிறகு தைலம், வெந்நீர், ஐஸ், கையில் கட்டுகிற பட்டை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒன்று விடாமல் செய்து பார்த்தான்.

பட்டறையில் அவனுக்குக் கூட்டாளி அவன் மச்சான், அதாவது பெண்டாட்டியின் அண்ணன். ஆள் மலை மாதிரி இருப்பார், வாயைத் திறப்பது அபூர்வம். திறந்தார் ஒரு நாள்.

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லையாமே, மாப்ள."

அவ்வளவுதான் சொன்னார். சுருக்கென்று தைத்தது. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று நேரடியாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். இதற்கு என்ன பதில் சொல்வது?

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவன் இறுக்கி விட்ட பின்சக்கர நட்டு ஒன்று ஒரு தடவை லூசாகத் திரும்பி வந்தது. வண்டிக்காரர் தெருமுனையிலேயே கண்டுபிடித்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் போடும் ஒவ்வொரு நட்டையும், அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் மச்சான் குனிந்து இன்னொரு தடவை இறுக்குவார்.  நட்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகரும். அது நகருகிற சத்தம் அவன் காதில் விழும். அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம்.

கடைசியில் மச்சான் சொல்லியே விட்டார். "அடுத்த மாசம் புது ஆளு ஒருத்தன் வரான் மாப்ள. நீ கல்லாவுல உக்காந்து பில்லு போடு. நிழல்ல உக்காந்து சம்பாதிக்கறதுக்குக் கசக்குதா என்ன?"

கசக்கத்தான் செய்தது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்கிற கைதேர்ந்தவனை ஸ்டூலில் உட்கார்த்தி வைத்தால் கசக்காமல் இனிக்குமா? வீட்டுக்கு வந்தவன் தட்டில் போட்டதைத் தொடவில்லை.

"நான் இனிமே மெக்கானிக் இல்ல" என்றான் மனைவியிடம்.

"ஆமா, நீங்களே முடிவு பண்ணிடுங்க" என்றாள் அவள். "கைக்குன்னே தனியா ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம். நான் ஃபோன் பண்ணி நேரம் வாங்கிட்டேன். அண்ணன்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிக்க வேணாம். மொதல்ல போய்ட்டு வருவோம்."

இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவனுக்குத் தெரியும். அதனால் ஐயா தயாரானார். இரண்டு நாள் ஸ்பேனரைத் தொடவில்லை. கையைத் தலையணை மேல் வைத்துத் தூங்கினான். ஐஸ் வைத்தான். பல வருஷமாக நகக்கண்ணில் குடியிருந்த கரியைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கிளப்பினான். கிளம்புகிற அன்று காலையில், போகிற வழியில் வலித்தால் என்ன செய்வது என்று வலி மாத்திரை ஒன்றையும் போட்டுக்கொண்டான்.

டாக்டரம்மா ஒல்லியாக, கிராப்பு வெட்டிய தலையோடு இருந்தார். பேச்சைவிட விரல்தான் அதிகம் வேலை செய்தது. மணிக்கட்டில் ஓர் இடம் விடாமல் அமுக்கிப் பார்த்தார்.

"இங்க வலிக்குதா?"

"இல்லைங்க."

"இப்படி வளைச்சா?"

"லேசா... இல்லைங்க."

கை அவனை நட்டாற்றில் விட்டுவிட்டது. வருஷம் முழுக்க உயிரை எடுத்த சனியன், இன்று பார்த்து நல்ல பிள்ளை வேஷம் போடுகிறது! டாக்டரம்மா பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல ஒண்ணும் தெரியலையே" என்றார். அவன் கண்ணுக்குக் கல்லா ஸ்டூல்தான் தெரிந்தது. 

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"எப்படி வலிக்கும் டாக்டர்? ரெண்டு நாளா இந்தக் கையைக் கீழ வைக்காம தாங்கிட்டு இருந்தாரு. காலையில மாத்திரை வேற போட்டாரு!"

டாக்டரம்மா கையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏன் அப்படிப் பண்ணீங்க?"

அவனுக்கே தெரியவில்லை. "இல்லைங்க... டாக்டர்கிட்ட வரோம், கை நல்லா இருக்கணுமேன்னு..."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "டாக்டர், இவரு என்ன வேலை பாக்கறாருன்னு கேளுங்க. மெக்கானிக்கு! வண்டியைக் கழுவிட்டுக் கொண்டு வந்தவனையெல்லாம் வாசல்ல நிக்க வெச்சுக் கத்தறாரு. சும்மா நிறுத்தி வெச்சா சத்தம் வருமா, மேட்டுல ஏத்துன்னு கத்தறாரு. இப்ப தன் கையைக் கழுவித் தொடச்சு எடுத்துட்டு வந்திருக்காரு. மொத டாக்டர்கிட்டயும் ரெண்டு தடவை இப்படித்தான் போனாரு!"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் முகம் சட்டென்று மாறியது. "பாரம் குடுத்தாதான் வருதா?" என்று அவனிடம் இரண்டு முறை கேட்டார். "நாளைக்குப் பூரா வேலை செய்யுங்க. மாத்திரை வேணாம், ஐஸ் வேணாம். வலி வந்ததும் அப்படியே நேரா இங்க வாங்க. குளிக்கக்கூட வேணாம்."

மறுநாள் சாயங்காலம் அவன் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள். முழங்கை வரை கிரீஸ். வலியில் முகம் கோணிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அதே இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக் கையைச் சாய்த்தார். 'டக்.' அவன் ஐயோ என்று கத்தியது வெளியே வராந்தா வரை கேட்டது.

"வந்திடுச்சா சத்தம்?" என்றார் டாக்டரம்மா.

எக்ஸ்ரே அறையில் இந்தத் தடவை கையைச் சும்மா வைக்கச் சொல்லவில்லை. இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கைக்கொரு துணிச்சுருளைக் கொடுத்து முழுப் பலத்தோடு பிழியச் சொன்னார்கள். "விடாதீங்க, விடாதீங்க" என்றார் எக்ஸ்ரேக்காரர். கண்ணில் தண்ணீர் தளும்ப, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான்.

படத்தில் மணிக்கட்டுக்குள் கூழாங்கல் மாதிரி சின்னச் சின்ன எலும்புகள். இடது கையில் நெருக்கமாக இருந்த இரண்டு எலும்புக்கு நடுவே, வலது கையில் ஒரு சந்து இருந்தது.

"இதுதான்" என்றார் டாக்டரம்மா. "இந்த ரெண்டு எலும்பையும் சேத்துக் கட்டி வெச்சிருக்கற ஜவ்வு கிழிஞ்சிருக்கு. லிகமெண்ட்னு சொல்வோம். கை சும்மா இருந்தா ரெண்டும் ஒழுங்கா இருக்கும். நீங்க இறுக்கிப் பிடிச்சாதான் விலகுது. பழைய எக்ஸ்ரே தப்பில்ல. கை சும்மா இருக்கறப்ப எடுத்தது, அவ்வளவுதான்."

அவன் குழந்தை மாதிரி அழுதான். கையில் கோளாறு இருக்கிறது என்று சொன்னதற்காக ஒருவன் இப்படிச் சந்தோஷப்பட்டு அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை. வருஷம் முழுக்க அவனுக்கே ஒரு சந்தேகம் இருந்தது, ஒருவேளை நான்தான் நடிக்கிறேனோ என்று. அது அன்றோடு போனது.

"சரியாயிடுமா டாக்டர்? திரும்ப ஸ்பேனர் பிடிப்பேனா?"

"வலி பெரும்பாலும் குறையும். உள்ள கேமரா விட்டுப் பாத்து, ஜவ்வோட ஓரம் நல்லா இருந்தா தைப்போம். பிடி எவ்வளவு திரும்பும்னு இப்ப வாக்குக் குடுக்க மாட்டேன். பாதி என் வேலை, மீதி உங்க பொறுமை."

பொறுமையா! மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

படத்தை ஃபோனில் எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போய் மச்சான் முகத்துக்கு நேரே நீட்டினான். மச்சான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ்ளோ சின்ன சந்துதானா, மாப்ள?"

"வால்வுல இதைவிடச் சின்ன சந்துக்கெல்லாம் நீங்க இன்ஜினையே இறக்குவீங்களே!"

மச்சான் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மொதல்ல வைத்தியம் பாரு. கல்லாவா, பட்டறையா, அப்புறம் பேசலாம்" என்றார். நம்பிவிட்டார். ஆனால் அந்தக் கை பழையபடி ஆகும் என்று நம்பவில்லை. அது அவர் குரலிலேயே தெரிந்தது.

ஆபரேஷன் நடந்தது. சின்னத் துளைகள் போட்டுக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஜவ்வு முழுசாக அறுந்திருக்கவில்லை, தைத்துவிட்டார்கள். அது சேருகிற வரை எலும்புகள் விலகாமல் இருக்க மெல்லிய கம்பியும் மாவுக்கட்டும் போட்டார்கள். கம்பியை எடுத்த அன்று கை குச்சியாக இருந்தது. தண்ணீர் டம்ளரைத் தூக்கினான், பாதி மேஜையில் கொட்டியது.

கல்லாவில் உட்கார்ந்து இடது கையால் கோழி கிறுக்கியது மாதிரி பில் எழுதினான். உள்ளே புது ஆள் விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்தான், கெட்டிக்காரன் வேறு. வயிறு எரிந்தது. பலகையில் குத்துகிற சின்ன அம்பை எறிகிற மாதிரி கையை முன்னால் வீசி வீசி எடுக்க வேண்டும், மெதுவாக, வலிக்காமல் என்று கைக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ சொல்லிக்கொடுத்திருந்தார். நாள் முழுக்க அதைச் செய்தான். தன்னைத்தான் போ போ என்று விரட்டுகிறான் என்று நினைத்து ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போயே போய்விட்டார். பிறகு ஸ்பாஞ்சுப் பந்து, அப்புறம் களிமண் மாதிரி ஏதோ ஒன்றைப் பிசைவது. நடுவில் ஒரு நாள் ஆசை தாங்காமல் யாருக்கும் தெரியாமல் ஒரு செயின் நட்டை முறுக்கிப் பார்த்தான். மறுநாள் கை வீங்கிப்போய் நின்றது. பிசியோ திட்டியது கொஞ்சம், மனைவி திட்டியது மிச்சம்.

"தைச்ச எடம் பிரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? கல்லாவுல உக்காரக் கஷ்டமா இருந்தா வீட்டுல வந்து உக்காருங்க!"

அதற்குப் பிறகு சொன்னதைத் தவிர எதுவும் செய்யவில்லை. பிழியச் சொன்ன துண்டைப் பிழிந்தான், தூக்கச் சொன்ன எடையைத் தூக்கினான். பிடி பார்க்கிற கருவியை அமுக்கும்போது ஊசி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக ஏறியது. அதற்கு அடுத்த மழைக்காலம் வந்தபோது டாக்டரம்மா கையைச் சாய்த்து அழுத்திப் பார்த்தார். சத்தம் இல்லை. "முழுசா வளையாது. அதுக்குப் பதிலா பிடி வந்திருக்கு. போங்க, போய் ஸ்பேனரைப் பிடிங்க" என்றார்.

மறுநாள் காலையில் பட்டறையில் ஒரு வண்டியின் பின்சக்கரம் மாட்டுகிற வேலை. மச்சான் தள்ளி நின்றார். அவன் நட்டை வைத்து, ஸ்பேனரைப் போட்டு, மூச்சடக்கி அழுத்தினான். 'டக்' வரவில்லை. லேசாக ஒரு கடுப்பு மட்டும் இருந்தது. இன்னொரு அழுத்து அழுத்தினான். பிறகு ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டுக் கை துடைக்கத் துணி தேடித் திரும்பினான்.

எதிரே நின்ற வண்டியின் கண்ணாடியில் பின்னால் நடப்பது தெரிந்தது. மச்சான் குனிந்து ஸ்பேனரை எடுத்தார். அதே நட்டில் போட்டார். அவன் இவ்வளவு பட்டும் இதுதானா என்று துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நட்டு நகருகிற அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

சத்தம் வரவில்லை. மச்சான் இன்னொரு தடவை அழுத்தினார். அப்புறம் இரண்டு கையாலும் அழுத்தினார். முகம் சிவந்தது.

"என்ன மச்சான், நகரலையா?" என்று திரும்பாமலே கேட்டான்.

"நகரல, மாப்ள."

"எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க!"

புது ஆளின் விசில் பாதியில் நின்றது.  பிறகு மச்சான் என்கிற அந்த மலை குலுங்கியது. சிரித்து ஓய்ந்ததும் எழுந்து வந்து, "அன்னிக்கு ஒண்ணும் இல்லையாமேன்னு சொன்னேன்ல, அதை மனசுல வெச்சுக்காதே மாப்ள" என்றார்.

"வெச்சிருந்தேன் மச்சான். வருஷம் பூரா வெச்சிருந்தேன்." துணியில் கையைத் துடைத்தான். "இப்ப இல்ல."

மச்சான் ஸ்பேனரை அவன் வலது கையில் வைத்தார். "முன்சக்கரத்தையும் நீயே மாட்டு. நான் போய்க் கல்லாவைப் பாக்கறேன்."

முன்சக்கர நட்டை இறுக்கி முடித்துவிட்டு அவன் கண்ணாடியைப் பார்த்தான். மச்சான் கல்லாவில் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எழுந்து வரவே இல்லை.