பொத்தான் ஊரில் ஒரு வீடு

இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில், பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது உம்மாவின் பொறுப்பு. அதில் அமெரிக்கா என்ன, அக்கரைப்பற்று என்ன? லைலா கட்டிக் கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டு, மகள் ஆகிலா புருசனோடு மிசிசிப்பி ஆற்றங்கரைச் சிறு நகரமொன்றுக்குப் போய் நாலு வருசம். இப்போது அங்கேயே வீடு வாங்கப் போகிறாளாம். உம்மா சம்மதித்து ஓம் சொல்லாமல் கையெழுத்து வைக்க மாட்டாளாம். அந்த மட்டில் நல்ல வளர்ப்புத்தான்.

லைலாவோ ஒரு மாதமாக ஓம் சொல்லவில்லை. சுனாமியன்று அவளுடைய தங்கச்சி சுஹறா, பிள்ளை பெற்றுப் பதினொரு நாளில், கடற்கரை வீட்டில் படுத்திருந்தாள். ஊரே ஓடியது. சுஹறாவின் கதவை ஒருவரும் தட்டவில்லை. யாரைக் குறை சொல்வது, அவரவர்க்கு அவரவர் உயிர். ஆனால் தண்ணீர்க் கரையில் வீடு என்றாலே லைலாவுக்கு ஆகாது.

அன்று காலை ஆகிலா வீடியோவில் ஊரைச் சுற்றிக் காட்டினாள். அங்கே அந்தி வெளிச்சம்.

"இந்த ஊர்ச் சனம் ஆத்துச் சிப்பியில பொத்தான் வெட்டித்தான் சீவிச்ச, உம்மா. பிளாஸ்டிக் வந்து ஆலையெல்லாம் மூடின. அப்பவும் ஊர உட்டுப் போகல்ல."

"அந்தச் சுவத்தில என்ன கோடு?"

ஆகிலா தயங்கினாள். பழைய ஆலையின் செங்கல் சுவரில், வெள்ளம் ஏறிய உயரங்களை ஆண்டு போட்டு எழுதியிருந்தார்கள். ஒரு கோடு அவள் தலைக்கு மேலே இருந்தது.

"ஒளிக்கத் தெரியாத ஊர்" என்றாள் லைலா. கொஞ்சம் மரியாதைகூட வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "தண்ணி வந்தா உன்ட கதவ ஆர் தட்டுற?"

"டோனா தட்டுவா. வாங்கப்போற வீட்டுக்கு அடுத்த வீடு."

தபால் கொடுக்கும் வேலை டோனாவுக்கு, தனி ஆள். வாசலுக்கு வந்து, கேள்வியை ஆகிலா விளக்கக் கேட்டுச் சிரித்தாள்.

"அவட வீடுதான் பள்ளமாம், தண்ணி முதல்ல அவக்குத்தான் வருமாம். என்னக் கூட்டிக்கிட்டுத்தான் ஓடுவாவாம், உம்மா."

லைலா அந்த முகத்தையே பார்த்தாள். நாற்பது சொச்சம் இருக்கும். சுஹறா இருந்திருந்தால் அந்த வயது.

"அப்ப அவட கதவ ஆர் தட்டுற? கேளு."

ஆகிலா கேட்டாள். டோனாவின் சிரிப்பு நின்றது. தோளைக் குலுக்கி மெதுவாக ஏதோ சொன்னாள்.

"ஒருத்தரும் இல்லையாம். நாங்க வாங்கப்போற வீடு ரெண்டு வருசமா வெறுமையாத்தான் கிடக்காம்."

லைலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அல்லாட பேரால பிஸ்மி செல்லி வாங்கு, மகள். அந்தப் புள்ளைட கதவத் தட்ட ஆள் வேணும்."